பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாயைப் பாருங்கள்

2019 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்பேடு பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்று, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து என் முதல் பெர்சியன் குட்டியை வாங்கினேன். விளம்பரத்தில் படம் பார்த்து, வாட்ஸ்அப்பில் விலை பேசி முடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, "நீங்க ஏன் மேடம் அவ்வளவு தூரம் அலையணும், நானே கொண்டு வந்து தரேன்" என்றார் விற்றவர். அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது நாள் குட்டி என்று சொல்லியிருந்தார். நான்காம் நாள் அது சாப்பாட்டை விட்டது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருந்தது, ஒரு வாய் குடிக்கவில்லை. பிறகு மஞ்சள் மஞ்சளாக வாந்தி. ஆறாம் நாள் விடிவதற்குள் என் மகள் மடியிலேயே போய்விட்டது. பேன்லுகோபீனியா, அதாவது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ். பல்லைப் பார்த்த டாக்டர், ஐந்து வாரத்துக்கு மேல் இருக்காது என்றார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தாயைப் பார்த்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. அடுத்த குட்டியை வாங்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் வளர்ப்பவர்கள் வீடுகளுக்குப் போனேன், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டேன், பல கேள்விகளைத் தப்பாகவும் கேட்டேன். அதில் கற்றதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையில் அதிகம் விற்கும் ஜாதிப் பூனை பெர்சியன் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு இனம் வாங்குபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கலாமா, அதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெர்சியனுக்குத் தினமும் சீவ வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் போதாது. மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல ஒரு அடிமுடி இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிக்கு விழும், ஒரு வாரம் விட்டால் சிக்கு கட்டியாகித் தோலை இழுக்கும். அப்போது பூனை நடக்கவே வலிக்கும். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், அதைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சித்திரை வெயிலில், மின்வெட்டு நேரத்தில், மூன்றாவது மாடி வீட்டில் இந்தப் பூனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மூக்கு தட்டையான பூனையால் மூச்சு வழியாகச் சூட்டை வெளியேற்றுவது கஷ்டம். ஏசி வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே குளிர்ச்சியான ஓர் அறையாவது வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை, பூனை மட்டும் வேண்டும் என்றால் நாட்டுப்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தட்பவெப்பத்துக்குப் பிறந்தது அது. 1959-ல் தொடங்கிய சென்னை ப்ளூ கிராஸில் தத்துக்குக் காத்திருக்கும் பூனைகள் எப்போதும் உண்டு. இதைப் பணம் இல்லாதவர்களுக்கான யோசனையாக நான் சொல்லவில்லை. என் வீட்டில் பெர்சியனோடு ஒரு நாட்டுப்பூனையும் இருக்கிறது, இரண்டில் புத்திசாலி அதுதான்.

சரி, பெர்சியன்தான் என்று முடிவாகிவிட்டால் அடுத்து முகம். நம் சந்தையில் மூன்று பேர் சொல்லி விற்கிறார்கள்: டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ். டால் ஃபேஸுக்கு மூக்கு ஓரளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஞ்ச் ஃபேஸில் மூக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறி, முகம் தட்டையாகிவிடும். தட்டை கூடக் கூட விலை கூடும். கூடவே பூனையின் அவதியும் கூடும். மூக்குத் துவாரம் ஒடுங்கும், கண்ணீர்க் குழாய் வளைந்து அடைபடும், தாடைகள் பொருந்தாமல் தீனியைக் கவ்வ முடியாமல் போகும். பிரிட்டனில் 1910-லிருந்து பூனைகளைப் பதிவு செய்துவரும் ஜிசிசிஎஃப் அமைப்பே, மூக்கு நுனியின் மேல் விளிம்பு கண்ணின் கீழ் விளிம்பைத் தாண்டி மேலே போகக் கூடாது என்று பெர்சியனுக்கான இலக்கணத்தில் எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒரு கோட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், படத்தைப் பார்த்தே நீங்கள் அளந்துவிடலாம். என்னைக் கேட்டால் டால் ஃபேஸ் வாங்குங்கள் என்பேன். அதுதான் பெர்சியனின் பழைய முகமும்கூட.

'டிரிபிள் கோட்' என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய் கூடக் கேட்பார்கள். அப்படி ஓர் இனமும் கிடையாது, எந்தப் பதிவு அமைப்பிலும் அப்படி ஒரு பிரிவும் கிடையாது. முடி அடர்த்தியாக இருக்கிறது என்பதற்கு வியாபாரத்தில் வைத்த பெயர், அவ்வளவுதான்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு, அதாவது காது மடங்கிய பூனை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கிடைத்த சூசி என்ற ஒற்றைப் பூனையிலிருந்து வந்த இனம் அது. காதை மடக்கும் அதே மரபணுதான் உடம்பெங்கும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. மடங்கிய காது இருந்தாலே மூட்டிலும் கோளாறு உண்டு, அளவுதான் பூனைக்குப் பூனை மாறும். இந்த இனத்தில் பொறுப்பான வளர்ப்பாளரைத் தேடவே வேண்டாம். காது மடங்கிய பூனையை யார் வளர்த்தாலும், எவ்வளவு நன்றாக வளர்த்தாலும், அதற்கு வலிக்கும்.

எங்கே தேடுவது

விளம்பரத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் பூனை அதிகம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தொடங்குங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வரிசையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் கூடையோடு இருப்பவரிடம், "உங்க பூனைக்கு எத்தனை வயசு? எங்கே வாங்கினீங்க? அவங்க இப்பவும் பேசுறாங்களா?" என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பூனையை நலமாக வைத்திருப்பவர் தரும் ஒரு போன் நம்பர், நூறு விளம்பரங்களைவிட உதவும். எனக்கு இரண்டாவது குட்டி கிடைத்தது அப்படித்தான். மாதவரத்தில் ஓர் ஆசிரியை, வீட்டிலேயே மூன்று பெண் பூனைகள் வைத்திருக்கிறார் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

பூனைக் கண்காட்சிகளும் நல்ல இடம். டபிள்யூசிஎஃப் எனும் உலகப் பூனைக் கூட்டமைப்போடு இணைந்த சங்கங்கள் இந்தியாவிலும் கண்காட்சி நடத்துகின்றன. அங்கே வாங்கப் போகாதீர்கள், ஆட்களைத் தெரிந்துகொள்ளப் போங்கள்.

யாரைத் தவிர்ப்பது? பெர்சியன், ஹிமாலயன், பெங்கால், மெய்ன் கூன் என்று ஐந்தாறு இனத்தையும் ஒரே நேரத்தில் "ஸ்டாக் இருக்கு" என்பவரை. எப்போது கேட்டாலும் குட்டி உடனே கிடைக்கும் இடத்தை. "அட்வான்ஸ் போடுங்க, ஆம்னி பஸ்ஸில் ஏத்தி விடறேன்" என்பவரை. ஒரு கூடைக்குள் எட்டு மணி நேரம், சரக்கு அடுக்குக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டில் ஒரு குட்டி மதுரைக்கும் நெல்லைக்கும் போகிறது. அதற்குச் சம்மதிக்கும் ஆளுக்கு அந்த உயிர் மேல் எவ்வளவு அக்கறை இருக்கும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். செல்லப்பிராணிக் கடைகளுக்காக மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும், 8 வாரம் நிறையாத நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ விற்கக் கூடாது. நாய் இனப்பெருக்கம் செய்பவர்களுக்கென்று 2017-ல் தனியாக விதிகள் வந்தன. பூனைக்கு அப்படி வரவில்லை. அதனால் வீட்டில் பூனை வளர்த்து விற்பவரைச் சோதிக்கும் வேலை பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

போனில் பேசும்போது

விலையை முதலில் கேட்காதீர்கள். நல்ல வளர்ப்பாளர்களுக்கு அது பிடிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது. முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "தாய் உங்க வீட்டிலேயே இருக்கா? குட்டிகளோட சேர்த்து நேரில் பார்க்க முடியுமா?" இதற்கு மழுப்பலான பதில் வந்தால் மேலே பேச வேண்டாம். தகப்பன் பூனை வேறு வீட்டில் இருக்கலாம், அது தப்பில்லை. மேட்டிங்குக்கு வெளியே கொண்டுபோவது வழக்கம்தான். தாய் இல்லை என்றால் குட்டி எங்கிருந்தோ வாங்கி விற்கப்படுகிறது என்று அர்த்தம்.

பிறகு தாயின் வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது. நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில் இருப்பதால் பெண் பூனைக்கு ஏறக்குறைய எல்லா மாதமும் பருவம் வரும். சினைக்காலம் ஒன்பது வாரம். விட்டால் வருஷத்துக்கு மூன்று ஈற்றுகூட எடுத்துவிடலாம், எடுக்கவும் செய்கிறார்கள். ஐரோப்பாவின் ஃபைஃப் கூட்டமைப்பு இரண்டு வருஷத்துக்கு மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, குட்டியை எத்தனை வாரத்தில் தருவீர்கள். ஜிசிசிஎஃப் 13 வாரம் கேட்கிறது. எட்டு வாரம் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டுமே. 2017-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 5,700 பூனைகளின் விவரங்களை அலசினார்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்தவற்றில் ஆக்ரோஷம் அதிகமாக இருந்தது. கடிப்பதை எங்கே நிறுத்த வேண்டும், மலம் கழித்ததும் மண்ணைப் போட்டு எப்படி மூட வேண்டும், ஆள் வந்தால் பயப்படாமல் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் தாயும் கூடப்பிறந்ததும் சொல்லித் தரும் பாடம். "சின்னதா இருக்கும்போதே எடுத்தா நல்லா பழகும்" என்று விற்பவர்கள் சொல்வது பொய். சீக்கிரம் கொடுத்தால் அவர்களுக்குத் தீனிச் செலவு மிச்சம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? மாதவரத்து ஆசிரியை என்னை நாற்பது நிமிடம் விசாரித்தார். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முன்பு வளர்த்த பூனைக்கு என்ன ஆனது? நான் 2019-ல் நடந்ததைச் சொன்னதும் அவர் சொன்னார்: "அப்போ உங்க வீட்டை ப்ளீச்சிங்கால கழுவினீங்களா? இல்லன்னா என் குட்டியைத் தர மாட்டேன்." அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கும் டெட்டாலுக்கும் சாகாது. இதை எனக்கு முதலில் விளக்கியவர் அவர்தான். அந்த நிமிடமே இவரிடம்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் போகும் நாள்

என் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம். பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொன்னது. பூனை வாங்கும்போது எனக்கு அது அப்படியே பலித்தது. குட்டி எல்லாமே அழகுதான். நோயுள்ள குட்டியும் அழகு, ஐந்து வாரக் குட்டி இன்னும் அழகு. குட்டியைப் பார்த்துவிட்டால் கண் மறைத்துவிடும். அதனால் முதல் அரைமணி நேரம் குட்டியைக் கேட்காமலே இருங்கள்.

உள்ளே போனதும் மூக்கு சொல்லும். பூனை இருக்கும் வீட்டில் லேசாக வாடை இருக்கும், ஆனால் அம்மோனியா நெடி கண்ணில் கரிக்கக் கூடாது. பூனைகள் எங்கே இருக்கின்றன? ஹாலில், சோபாவில், காலடியில் என்றால் நல்லது. மொட்டைமாடியில் கூண்டு வரிசை என்றால் திரும்பிவிடுங்கள். குட்டிக்கு ஆள் பழகும் பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அப்போது குக்கர் விசில், குழந்தை அழுகை, காலிங்பெல் எல்லாம் கேட்டு வளர்ந்த குட்டி உங்கள் வீட்டிலும் பயப்படாது. கூண்டில் அந்த வாரங்களைக் கழித்த குட்டியைப் பிறகு பழக்கப்படுத்துவது பெரும்பாடு.

இப்போது தாய். கூப்பிட்டால் வருகிறாளா? அவளைத் தொட விடுகிறாரா? பால் கொடுத்த தாய் கொஞ்சம் மெலிந்து, முடி உதிர்ந்து இருப்பாள், அதைத் தப்பாக எடுக்காதீர்கள். முதுகெலும்பு கையில் குத்தினால், கண்ணில் பீளை இருந்தால், ஆளைக் கண்டு சுவரோரம் ஒடுங்கினால், அது வேறு. குட்டிகள் அவளிடம் போகின்றனவா என்று பாருங்கள். தன் குட்டியை ஒரு தாய் நடத்தும் விதத்தை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. காட்டியது உண்மையான தாய்தானா என்ற சந்தேகமும் அங்கேயே தீர்ந்துவிடும். அவள் தூங்கும்போது மூச்சுச் சத்தம் கேளுங்கள். விழித்திருக்கும்போதே கொர் கொர் என்று இழுத்தால் அவள் குட்டிக்கும் அதுதான் காத்திருக்கிறது.

இனப்பெருக்கம் முடிந்து ஓய்வுபெற்ற பூனைகள் என்ன ஆயின என்றும் கேளுங்கள். மாதவரம் வீட்டில் அலமாரி மேல் பதினோரு வயதுக் கிழவி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இப்போதைய தாயின் பாட்டி அது. கேட்க நினைத்த பாதிக் கேள்விகளுக்கு அதைப் பார்த்ததுமே பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் குட்டி

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இங்கேயும் வயதை நாமே கணக்கிட முடியும். பூனைக்குட்டி வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏறும். எட்டு வாரக் குட்டி 800, 900 கிராம் இருக்கும், பன்னிரண்டு வாரத்தில் ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். சமையலறைத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கூச்சப்படாதீர்கள். "ரெண்டு மாசம்" என்று சொன்ன குட்டி 500 கிராம் காட்டினால் ஒன்று வயது பொய், இல்லையென்றால் குட்டிக்கு நோய்.

பால்பற்கள் 26. எட்டு வாரத்துக்குள் எல்லாம் முளைத்திருக்கும், பின்கடைவாயில் ஒன்றும் இல்லை என்றால் குட்டி சின்னது. கண்ணும் காட்டிக்கொடுக்கும். எல்லாக் குட்டிக்கும் பிறக்கும்போது கண் நீலம். ஆறு ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். இரண்டு மாதக் குட்டிக்குக் கருவிழியைச் சுற்றிப் பச்சையோ செம்போ எட்டிப்பார்த்திருக்க வேண்டும். வெள்ளைப் பூனைக்கும், ஹிமாலயன் வகைக்கும் மட்டும் நீலம் அப்படியே நிற்கலாம். "நீலக் கண் பெர்சியன்" என்று கூட விலைக்கு விற்கும் சாம்பல் குட்டி பெரும்பாலும் ஐந்து வாரக் குட்டி.

உடம்பைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. காதுக்குள் காபித்தூள் போல அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி. வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழு. வால் அடியில் ஈரமோ சிவப்போ இருக்கக் கூடாது. தொப்புளில் மெத்தென்று ஓர் உருண்டை தட்டுப்பட்டால் குடலிறக்கம், டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈறு ரோஜா நிறத்தில் இருக்கட்டும். விரலை ஆட்டினால் துரத்த வேண்டும். மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பாவம் பார்த்து எடுக்காதீர்கள். நான் எடுத்தது அப்படி ஒரு குட்டி.

படர்தாமரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்சியனுக்கு இது மிக அதிகம். காதோரம், மூக்கின் மேல், முன்னங்காலில் முடி கொட்டி வட்டமாகச் செதில் தெரியும். பூனையிடமிருந்து குழந்தைக்கு வரும், குழந்தையிடமிருந்து வீடு முழுக்கப் பரவும். டாக்டர் வுட்ஸ் விளக்கு என்ற ஊதா விளக்கில் பார்த்தால் பூஞ்சை பிடித்த முடி பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது, முடியை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வீட்டில் ஒரே ஒரு பூனைக்குச் செதில் இருந்தாலும் குணமாகும் வரை எந்தக் குட்டியையும் எடுக்க வேண்டாம்.

சிறுநீரகத்தைப் பற்றி

பெர்சியன் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. விற்பவர்களிலும் நிறையப் பேருக்குத் தெரியாது. பிகேடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிறக்கும்போதே சிறுநீரகத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர்க்கட்டிகள், வயது ஏற ஏற அவை பெருத்து, பெரும்பாலும் ஏழு வயது வாக்கில் சிறுநீரகம் செயலிழக்கும். அதுவரை பூனை ஓடியாடி நன்றாகவே இருக்கும். காரணமான மரபணு மாற்றத்தை 2004-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்தார்கள். சோதனை வருவதற்கு முன் பல நாடுகளில் எடுத்த கணக்கில், மூன்றில் ஒரு பெர்சியனுக்கு மேல் இந்த நோய் இருந்தது.

இது ஓங்கு மரபணு. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு உண்டு. இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது: இருவருக்கும் இல்லை என்றால் குட்டிக்கு வராது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரி போதும், சோதனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அது முடியாவிட்டால் பத்து மாதம் தாண்டிய பூனைக்கு, அனுபவமுள்ளவர் எடுக்கும் அல்ட்ராசவுண்டிலேயே கட்டி தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றாவது தாய்க்கும் தகப்பனுக்கும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிவைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள், அதில் பூனையின் பெயரும் மைக்ரோசிப் எண்ணும் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சென்னையில் நான் பேசிய ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் செய்திருந்தார்கள். மாதவரம் ஆசிரியை அவர்களில் ஒருவர் இல்லை. ஆனால் நான் கேட்டதும், "நீங்க டாக்டர் சொல்லுங்க, நான் கூட்டிட்டு வரேன்" என்று தாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஸ்கேன் செலவை ஆளுக்குப் பாதி போட்டோம். தகப்பன் பூனையின் சொந்தக்காரரையும் அவரே பேசி வரவைத்தார். இரண்டுக்கும் கட்டி இல்லை. நீங்கள் போகும் இடத்திலும் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தெரியாமல் இருப்பவரோடு பேசிப் பார்க்கலாம். "எங்க பூனைக்கெல்லாம் அது வராது" என்று கையை உதறுபவரிடம் பேசிப் பயனில்லை.

வேறு இனம் என்றால் கேள்வி மாறும். மெய்ன் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத்தசை தடிக்கும் நோய் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி மரபணுச் சோதனை இருக்கிறது. கூடவே இதய ஸ்கேனும் கேட்க வேண்டும், மரபணு நன்றாக இருந்தும் நோய் வருவது உண்டு.

காகிதங்கள்

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களுக்கான அமைப்பு. "கேசிஐ சர்டிஃபிகேட் உள்ள பூனை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பூனையின் வம்சாவளியைப் பதிவு செய்பவை சிஎஃப்ஏ, டிக்கா, டபிள்யூசிஎஃப், ஃபைஃப் போன்ற அமைப்புகள். வம்சாவளிச் சான்று என்பது மூன்று முதல் ஐந்து தலைமுறைவரை முன்னோர் பெயரும் பதிவு எண்ணும் கொண்ட தாள். தாயின் பெயர் அதில் இருக்கிறதா, மைக்ரோசிப்பின் 15 இலக்கமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவுக்குள் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரே ஈற்று அண்ணன் தங்கையை 'ஜோடி' என்று விற்பதே நடக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சான்று இருக்காது. சான்று இல்லாத வீட்டில் நல்ல குட்டி இல்லை என்று சொல்ல மாட்டேன், என்னுடையதற்கே கிடையாது. ஆனால் சான்று இல்லாத குட்டிக்குச் சான்றுள்ள குட்டியின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, 'ப்யூர் பிரீட்' என்ற வாய்ச்சொல்லுக்கும் மதிப்பில்லை.

தடுப்பூசிப் புத்தகம் கட்டாயம். மூன்று நோய்க்கான கூட்டு ஊசியை நம் ஊரில் பலரும் ட்ரைகேட் என்றே சொல்கிறார்கள். மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள், தேதி, டாக்டர் கையெழுத்து, அவருடைய பதிவு எண் நான்கும் வேண்டும். "நாங்களே போட்டுட்டோம்" என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து குளிர்ப்பெட்டியில் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

பணமும் எழுத்தும்

எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு தொகை சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் மாறுகிறது. இப்படி யோசியுங்கள்: பன்னிரண்டு வாரம் தாய்க்கும் குட்டிக்கும் நல்ல தீனி, இரண்டு ஊசி, புழு மருந்து, தாய் தகப்பன் சோதனை. இதையெல்லாம் செய்தவர் மலிவாகத் தர முடியாது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் இதில் எதையோ செய்யவில்லை.

நேரில் பார்ப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறந்த தேதி, தாயின் பெயர், போட்ட ஊசிகள், இவ்வளவு நாளுக்குள் டாக்டர் பெரிய குறை சொன்னால் பணம் திரும்ப வரும் என்ற உறுதி. எங்கள் தாளில் ஆசிரியை தானாகவே ஒரு வரி சேர்த்தார்: எந்தக் காலத்திலும் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே கொண்டுவர வேண்டும். அந்த வரியை எழுதக்கூடியவரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அழைத்து வர மூடிபோட்ட கூடை, தாய் படுத்த துணி ஒன்று. முதல் வாரம் ஒரே அறை. வளர்ப்பாளர் கொடுத்த அதே தீனி, அதே மண். மாற்ற வேண்டுமென்றால் பத்து நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பால் வேண்டாம், பேதியாகும். தயிர்சாதம் மட்டும் தின்று பூனை வாழாது, இறைச்சிச் சத்து வேண்டும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது கொடிய விஷம்.

மூன்று நாளுக்குள் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். வளர்ப்பாளருடைய டாக்டர் வேண்டாம், வேறு ஒருவர். இதயத்தில் முணுமுணுப்பு உண்டா, அண்ணம் பிளந்திருக்கிறதா, மலத்தில் புழு உண்டா என்று பார்ப்பார். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்ற இரண்டு பூனை வைரஸ்களுக்கான ரத்தச் சோதனை முடியும்வரை இரண்டையும் சேர்க்காதீர்கள். கூட்டு ஊசியின் கடைசித் தவணை 16 வாரத்துக்கு முன் முடிந்துவிடக் கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். 12 வாரத்துக்கு மேல் வெறிநாய்க்கடி ஊசி. ஐந்து மாதம் வாக்கில் கருத்தடை, அதை எப்போது செய்வது என்று முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாக, பத்து மாதம் தாண்டியதும் குட்டிக்கும் ஒரு சிறுநீரக ஸ்கேன் எடுங்கள். எடுத்த அன்றே அந்த முடிவை வளர்ப்பாளருக்கு அனுப்புங்கள், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தத் தாயை அடுத்த ஈற்றுக்கு விடலாமா என்று முடிவு செய்ய அவருக்கு அது வேண்டும். நான் அனுப்பிய ஸ்கேன் தாளை மாதவரத்து அலமாரியில், தாயின் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.